எண்ணாரம் தொடுத்த மகாவீராசாரியர்

நம் இல்லங்களில் ஆசாரியப் பெருமக்களைப் போற்றும்போது குந்தகுந்தர், சமந்தபத்திரர், அகளங்கர், ஜினசேனர் என்னும் திருப்பெயர்கள் தவறாமல் ஒலிக்கின்றன. பொன்னூர் மலைக்குச் சென்று வந்த சிறுவர்களும் குந்தகுந்தரை அறிவர். ஆனால் மகாவீராசாரியர் என்று ஒருவர் பெயரைச் சொன்னால், இருபத்து நான்காம் தீர்த்தங்கரரைத்தான் வேறு வகையாகக் குறிக்கிறோமோ என்று ஐயுறுவோரே நம்மில் மிகுதி. பகவானின் திருப்பெயரைத் தாங்கி, கி.பி. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, கணிதசார சங்கிரகம் என்னும் நூலை வடமொழியில் அருளிய பேரறிஞர் அவர். கணித வரலாற்றை எழுதுவோர் உலகெங்கும் அவர் பெயரை மதிப்புடன் குறிக்கின்றனர். அவரைப் பெற்ற சமயத்தைச் சார்ந்த நாம் அவரை அறியாதிருத்தல் தகுமோ?

அவரை அறிவது பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. நம் ஆகமங்களிலும் புராணங்களிலும் வரும் பேரெண்களைக் கண்டு இளைஞர் சிலர் கூசுகின்றனர். மூத்தோர் சிலரோ, இன்றைய கணிதம் முழுவதும் நம் ஆசாரியர்கள் முன்பே கண்டதுதான் என்று கூறி அமைந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் நல்ஞானத்திற்கு உகந்தன அல்ல. பேரெண்ணைக் கண்டு அஞ்சி விலகவும் வேண்டா. வியந்து கைகூப்பி நின்றுவிடவும் வேண்டா. அதைப் பகுத்து, அதனுள் இருப்பதை அறிதல் வேண்டும். மகாவீராசாரியரின் வாழ்வுப்பணி நமக்கு உணர்த்துவது இதுவே.

காலமும் களமும்

ஆசாரியர் தம் நூலின் தொடக்கத்தில் பகவான் மகாவீரரை வணங்குகிறார். எண்ணறிவை ஒரு விளக்காகவும், அவ்விளக்கால் உலகனைத்தையும் விளங்கச் செய்தவராக ஜினேந்திரரையும் போற்றுகிறார். அடுத்து, அமோகவர்ஷ நிருபதுங்கன் என்னும் அரசனின் ஆட்சி தழைக்குமாறு வாழ்த்துகிறார். தம் ஊரையோ குலத்தையோ பெற்றோரையோ அவர் பாடவில்லை. நூலை முன்வைத்துத் தம்மைப் பின்வைத்த அடக்கம் அது. அரசனை வாழ்த்திய அந்தப் பாடல்களே அவர் காலத்தையும் களத்தையும் நமக்குக் காட்டித் தருகின்றன.

அமோகவர்ஷன் இராட்டிரகூட மரபினன். ஏறத்தாழ கி.பி. 814 முதல் 878 வரை அறுபது ஆண்டுகளுக்கு மேல் அரசு புரிந்தவன். அவன் தலைநகரான மானியகேடம், கர்நாடக மாநிலத்துக் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்னும் பெயருடன் இன்றும் உள்ளது. கன்னட மொழியில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழைய நூலாகிய கவிராஜமார்க்கம் இம்மன்னனின் பெயரோடு சார்த்தி வழங்கப்படுகிறது. போரினும் புலமையில் நாட்டம் மிக்கவன் என்று வரலாறு அவனை நினைவில் வைத்திருக்கிறது. கணிதசார சங்கிரகம் கி.பி. 850ஐ ஒட்டி இயற்றப்பட்டதென்பது அறிஞர் துணிபு.

அம்மன்னன் குருவாகக் கொண்டு வணங்கியவர் ஜினசேனாசாரியர். ஆதிபுராணத்தை இயற்றியவர் அவரே. அவர் விட்ட இடத்திலிருந்து மாணாக்கர் குணபத்திரர் தொடர்ந்து முடித்த மகாபுராணத்தின் வழியில்தான் நாம் வீடுதோறும் போற்றும் ஸ்ரீபுராணம் தமிழ் மணிப்பிரவாள நடையில் எழுந்தது. எனவே, மகாவீராசாரியர் நமக்கு அயலார் அல்லர். நம் பாட்டன்மார் ஓதிய புராணம் ஊற்றெடுத்த அதே காலத்தில், அதே அரசனின் நிழலில் எழுந்ததுதான் அவருடைய கணித நூலும்.

இங்கு ஒரு பெயர் மயக்கத்தைத் தெளிவித்தல் நலம். நிருபதுங்கன் என்றதும் நம் நாட்டுப் பல்லவ மன்னன் நினைவுக்கு வரலாம். வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் வென்று புகழ்கொண்ட மூன்றாம் நந்திவர்மனின் மைந்தன் அவன். நந்திவர்மனின் தேவியாகிய சங்கா இராட்டிரகூடக் குலத்து அரசிளங்குமரி என்று பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. தாய்வழிக் குலத்தில் வழங்கிய பெயரே அம்மைந்தனுக்கு அமைந்தது போலும். ஆசாரியர் வாழ்த்திய நிருபதுங்கன் இராட்டிரகூட அமோகவர்ஷனே.

எண்ணும் அறமும்

சமய வாழ்வில் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். ஆதிபகவான் தம் இரு புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஆதிபுராணம் உரைப்பதை நாம் அறிவோம். எண்ணையும் எழுத்தையும் கண்ணெனக் கொண்ட தமிழ் அறநூல் மரபும் நமக்கு உண்டு. ஆகம அறிவை நான்கு அநுயோகங்களாகப் பகுத்த நம் ஆன்றோர், அவற்றுள் ஒன்றான கரணாநுயோகத்தில் உலகின் அளவையும் காலத்தின் அளவையும் உயிர்களின் தொகையையும் வைத்தனர். உயிரோம்பலே தலையாய அறமெனக் கொண்ட சமயம், உயிர்கள் எத்தனை வகையின, எங்கெங்கு வாழ்வன, எத்துணைத் தொகையின என்று எண்ணத் தொடங்கியதில் வியப்பில்லை.

அந்த எண்ணிக்கை எளிதில் முடிவதன்று. எண்ணத்தக்கது, எண்ணத்தகாதது, முடிவிலி என மூன்று பெரும் பிரிவாக எண்களை வகுத்தது நம் மரபு. சுவேதாம்பர ஆகமமாகிய அநுயோகத்வார சூத்திரம் மனிதர் தொகையைக் குறிக்குமிடத்தில், 96 முறை பாதியாக்கத்தக்க ஓர் எண்ணைச் சொல்கிறது. 96 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவது அது. எழுதிப் பார்த்தால் 79228162514264337593543950336 என 29 இலக்கங்களாக நீளும். நீண்டு தோன்றும் அந்த எண்ணின் உள்ளே இரண்டைத் தவிர வேறு பகா எண் ஒன்றும் இல்லை. இலக்கங்களைப் பார்த்தால் மலைப்பு. அமைப்பைப் பார்த்தால் எளிமை.

ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்பதை அர்த்தச்சேதம் என்று நம் ஆசாரியர்கள் வழங்கினர். ஜினசேனரின் குருவான வீரசேனாசாரியர், ஷட்கண்டாகமத்திற்கு எழுதிய தவளா என்னும் பேருரையில் அர்த்தச்சேதத்திற்குரிய விதிகளைத் தருகிறார். மூன்றால் வகுத்துச் செல்வதையும் நான்கால் வகுத்துச் செல்வதையும் தனித்தனிப் பெயரிட்டு ஆண்டார். இன்றைய கணிதத்தில் மடக்கை என்று கற்பிக்கப்படுவதன் சாயல் அதில் உண்டு. பேரெண்ணை அதன் வகுத்திகளால் அளக்கும் இந்தப் பழக்கம், மகாவீராசாரியர் வாழ்ந்த காலத்துச் சமண அறிவுலகில் வேரூன்றியிருந்தது.

நூலின் அமைப்பு

கணிதசார சங்கிரகம் 1100க்கு மேற்பட்ட சுலோகங்களையும் ஒன்பது பகுதிகளையும் உடையது. கலைச்சொற்கள், அடிப்படைச் செயல்கள், பின்னங்கள், பலவகைக் கணக்குகள், மூன்றன் விதி, கலப்புக் கணக்குகள், பரப்பளவு, குழிகளின் கொள்ளளவு, நிழற்கணக்கு என அவை அமையும். ஆரியபடரும் பிரமகுப்தரும் கணிதத்தை வானியல் நூலின் ஓர் அங்கமாகவே வைத்தனர். மகாவீராசாரியரோ கணிதத்தைத் தனி நூலாகவே அமைத்தார். முழுவதும் கணிதத்துக்கே உரியதாய் இன்று கிடைக்கும் பாரத நூல்களுள் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று.

கணிதத்தின் பயனை அவர் விரித்துரைக்கும் பகுதி சிறப்புடையது. வாணிகம், இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக்கலை, யாப்பு, இலக்கணம் ஆகியவற்றோடு, கோள்களின் இயக்கம், தீவுகளும் கடல்களும், சுவர்க்க நரகங்களின் அளவு வரை எல்லாம் கணிதத்தைச் சார்ந்தே நிற்கின்றன என்பது அவர் கருத்து. சமையலறையையும் சுவர்க்கத்தையும் ஒரே பட்டியலில் வைத்த அந்த உள்ளத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அவர் இடமதிப்புக்கு 24 பெயர்கள் தருகிறார். ஒன்று, பத்து, நூறு எனத் தொடங்கி மகாக்ஷோபம் என்பதில் முடியும் வரிசை அது. கடைசி இடத்தின் மதிப்பு, ஒன்றின் பின் 23 சுழிகள் இட்டால் வருவது. எண்களைச் சொற்களால் குறிக்கும் வழக்கில் அவர் சமணக் கோட்பாடுகளையே கருவியாக்கினார். விரதம் என்றால் 5, திரவியம் என்றால் 6, தத்துவம் என்றால் 7, கர்மம் என்றால் 8, பதார்த்தம் என்றால் 9. பாடசாலையில் கணக்குப் படித்த மாணவன் தன்னையறியாமலே ஐவகை விரதத்தையும் அறுவகைத் திரவியத்தையும் எண்வகை வினையையும் உடன் கற்றான். அறக்கல்வியும் எண்கல்வியும் இரு வேறு பாடங்களாகப் பிரியாத காலம் அது.

எண்களால் தொடுத்த ஆரங்கள்

பெருக்கலைக் கற்பிக்குமிடத்தில் ஆசாரியர் தரும் கணக்குகள் சில தனித்தன்மை வாய்ந்தவை. அவற்றின் விடைகள் இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். நடுவிலிருந்து இருபுறமும் ஒத்த மணிகள் கோத்த கழுத்தணிபோல் தோன்றுவதால், இவ்வகை விடைகளை அவர் கண்டிகை, ஆரம் என்னும் பெயர்களால் சிறப்பித்தார். அவற்றுள் அரசர்க்குரிய ஆரமும் உண்டு. தமிழில் முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்க அமைந்த சித்திரக்கவியை மாலைமாற்று என்கிறோம். நம் புலவர் எழுத்தால் தொடுத்த மாலையை ஆசாரியர் எண்ணால் தொடுத்தார்.

அவர் தந்த கணக்குகள் சிலவற்றைக் காண்போம். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151. 152207ஐ 73ஆல் பெருக்கினால் எட்டு ஒன்றுகள், அதாவது 11111111. 12345679ஐ 9ஆல் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள். 142857143ஐ 7ஆல் பெருக்கினால் 1000000001. 333333666667ஐ 33ஆல் பெருக்கினால் 11000011000011. இவற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் கணிப்பொறியின் துணையின்றித் தாளில் போட்டுப் பார்க்கட்டும். விடை இலக்கம் இலக்கமாக விரியும்போது எழும் மகிழ்ச்சி, 1100 ஆண்டுகளுக்கு முன் மானியகேடத்து மாணவன் அடைந்த அதே மகிழ்ச்சியாகும்.

மாணவனுக்கு இது பெருக்கல் பயிற்சி. கணக்கை ஆக்கியவருக்கோ இது எதிர்த்திசைப் பயணம். எட்டு ஒன்றுகள் வரவேண்டும் என்று முதலில் விடையை எண்ணி, அவ்விடையை எவ்வெண் மீதியின்றி வகுக்கும் என்று தேடினாலன்றி 73 என்னும் எண் கைக்கு வாராது. எட்டு ஒன்றுகள் கொண்ட எண் 11, 73, 101, 137 ஆகிய நான்கு பகா எண்களின் பெருக்கம். அவற்றுள் 73ஐத் தனியே எடுத்து, எஞ்சிய மூன்றையும் பெருக்கி 152207 ஆக்கியதே அக்கணக்கு. மாணவன் காண்பது ஆரத்தை. ஆசாரியர் கண்டது அதனுள் ஓடும் நூலை. அந்த உழைப்பை வெளியே காட்டாமல் விடையின் அழகை மட்டும் மாணவன் கையில் கொடுத்தார்.

ஒரு பேரெண்ணின் உள்ளே

இவ்வாரங்களுள் மிக அழகியது 12345654321 என்னும் எண். ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறி மீண்டும் ஒன்றுக்கு இறங்குவது. 1234 கோடியே 56 லட்சத்து 54 ஆயிரத்து 321 என்று படிக்கலாம். இதைப் பெறுவதற்கு ஆசாரியர் தந்த கணக்கு, 27994681ஐ 441ஆல் பெருக்குக என்பது. உருவம் ஏதும் புலப்படாத ஓர் எண்ணைச் சிறியதோர் எண்ணால் பெருக்கியதும் ஒழுங்கான மாலை எழுகின்றது. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது?

இன்றைய பள்ளிக் கணிதத்தின் துணைகொண்டு இதைப் பகுத்துப் பார்ப்போம். முதலில், இவ்வெண் ஒரு வர்க்கம். ஆறு ஒன்றுகளாலான 111111ஐ அதே எண்ணால் பெருக்கினால் இது கிட்டும். ஆறு வரிகளையும் ஒவ்வோர் இடம் தள்ளி எழுதிக் கூட்டும்போது, முதல் பத்தியில் ஓர் ஒன்று, அடுத்ததில் இரண்டு, நடுவில் ஆறு, பின்னர் ஐந்து, நான்கு எனக் குறைந்து ஒன்றில் முடிகிறது. எப்பத்தியிலும் கூட்டுத்தொகை பத்தைத் தொடாமையால் மேலே கொண்டுசெல்ல எதுவும் இல்லை. ஆகவே மாலை சிதையாமல் நிற்கிறது. ஒன்பது ஒன்றுகள் வரை இவ்வொழுங்கு நிலைக்கும். பத்து ஒன்றுகளை வைத்துப் பெருக்கினால் நடுப்பத்தி பத்தாகி, விடை 1234567900987654321 என்றாகி மாலை அறுந்துவிடும். அழகுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் காரணமும் உண்டு.

இரண்டாவது, 111111 என்பது 3, 7, 11, 13, 37 ஆகிய ஐந்து பகா எண்களின் பெருக்கம். எனவே நம் பேரெண்ணில் இவ்வைந்தும் இருமுறை அமைந்துள்ளன. 3ஐயும் 7ஐயும் பெருக்கினால் 21. அதன் வர்க்கமே 441. எஞ்சிய 11, 13, 37 மூன்றையும் பெருக்கினால் 5291. அதன் வர்க்கமே 27994681. உருவமற்றதாய்த் தோன்றிய எண், உள்ளே ஒழுங்குடைய வர்க்கமாகவே இருந்திருக்கிறது. ஐந்து மணிகளில் இரண்டை ஒரு கையிலும் மூன்றை மறு கையிலும் பிரித்துக் கொடுத்தது போன்றது ஆசாரியரின் கணக்கு.

மூன்றாவது, இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் எத்தனை என்று கேட்கலாம். ஒவ்வொரு பகா எண்ணையும் எடுக்காமல் விடலாம், ஒருமுறை எடுக்கலாம், இருமுறை எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வழி என்பதால் ஐந்துக்கும் சேர்த்து 243 வழிகள். ஆகவே இதன் வகுத்திகள் 243. இதனோடு 15151 என்னும் சிறிய ஆரத்தை ஒப்பிடுக. 139, 109 இரண்டும் பகா எண்களே. ஆதலால் அதற்கு 1, 109, 139, 15151 என நான்கே வகுத்திகள். வெளித்தோற்றத்தில் இரண்டும் மாலைமாற்றே; உள்ளமைப்பிலோ ஒன்று 243 வாயில்கள் உள்ள மாளிகை, மற்றொன்று நான்கு வாயில்களே உள்ள சிறு மனை. புறத்தோற்றம் கொண்டு பொருளின் இயல்பைத் துணிதல் ஆகாது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

வகுத்திகளை எண்ணிய இம்முறை இன்றைய பாடநூல்களின் மொழி. ஆசாரியர் இக்கணக்குகளில் பெருக்கலை மட்டுமே கேட்டார். எனினும், சிலவற்றை எடுத்தும் சிலவற்றை விடுத்தும் எத்தனை வகையாகச் சேர்க்கலாம் என்னும் கேள்வி அவருக்குப் புதிதன்று. இதற்குரிய பொது விதியை அவர் தம் நூலில் தெளிவாக வகுத்துத் தந்துள்ளார். அவர் கையாண்ட எடுத்துக்காட்டு நம் அறுசுவை. ஆறு சுவைகளைத் தனித்தனியாகவும், இரண்டிரண்டாகவும், மும்மூன்றாகவும், அவ்வாறே ஆறும் ஒருங்கே வருமளவும் சேர்த்தால் 6, 15, 20, 15, 6, 1 என வந்து மொத்தம் 63 ஆகும். வைரம், நீலம், மரகதம், பவளம், முத்து ஆகியவற்றால் எத்தனை வகை ஆரங்கள் செய்யலாம் என்பதும் அவர் தரும் கணக்கே. ஆரம் என்னும் உருவகம் அவர் நூலில் மீண்டும் மீண்டும் ஒளிர்கிறது.

அறுந்த முத்தாரம்

இன்னும் ஓர் ஆரம் உண்டு. காதலரின் ஊடலில் ஒரு முத்தாரம் அறுந்தது. முத்துகளில் மூன்றில் ஒரு பங்கு பணிப்பெண்ணிடம் சேர்ந்தது; ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுந்தது. எஞ்சியதில் பாதி, அதில் எஞ்சியதில் பாதி என ஆறு முறை சிதறியது. நூலில் நின்றவை 1161 முத்துகள். ஆரத்தில் இருந்தவை எத்தனை என்பது கேள்வி. மூன்றில் ஒன்றும் ஆறில் ஒன்றும் போனால் எஞ்சுவது பாதி. பின்னர் ஆறு முறை பாதி. ஆக ஏழு முறை பாதியானபின் நிற்பது 1161. திரும்பி ஏழு முறை இரட்டித்தால் விடை 148608.

இங்கும் எண்ணின் உள்ளமைப்பைக் காண்க. 148608 சரியாக ஏழு முறை மட்டுமே பாதியாகும். எட்டாம் முறை முத்தை உடைத்தாலன்றி இயலாது. ஏனெனில் 1161 ஒற்றைப்படை எண். தவளா பேருரையில் கண்ட அர்த்தச்சேதச் சிந்தனை, ஒரு வேடிக்கைக் கணக்கின் உள்ளே ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. உயர்ந்த ஆகமப் பொருளையும் உலகியல் இன்பத்தையும் ஒரே ஏட்டில் வைக்க ஆசாரியர் தயங்கவில்லை. மாணவன் மனம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே அவனை அழைத்துச் செல்வது நல்லாசிரியர் இயல்பன்றோ!

நிறையும் குறையும்

பின்னத்தில் அவர் காட்டிய திறனுக்கு ஒரு சான்று போதும். ஒன்று என்னும் முழுமையை, மேலே ஒன்றை உடைய பின்னங்களின் கூட்டுத்தொகையாக எழுதும் வழியை அவர் விதியாகவே தந்தார். அரை, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினெட்டில் ஒன்று ஆகிய நான்கையும் கூட்டினால் முழுமையான ஒன்று கிட்டும். எத்தனை உறுப்புகள் வேண்டினும் அவ்விதியால் அமைக்கலாம். எதிர்மறை எண் எந்த எண்ணின் வர்க்கமாகவும் அமையாது, ஆகவே அதற்கு வர்க்கமூலம் இல்லை என்றும் அவர் தெளிவாக உரைத்தார். அக்காலத்தில் இது கூரிய நோக்கு.

எனினும், மெய்ம்மை நம் ஐவகை விரதங்களுள் ஒன்று. ஆசாரியரைப் போற்றுவோர் அவர் நூலிலுள்ள குறையையும் கூறுதல் வேண்டும். ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்று அவர் கூறினார். இன்றைய கணிதம் இதனை ஏற்பதில்லை. சுழியால் வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்று ஒதுக்கி வைக்கிறது. பங்கிடுவதற்கு ஆளே இல்லாதபோது பொருள் குறையாமல் இருக்கும் என்று அவர் கருதியிருக்கலாம். சுழியால் வகுத்தலில் பிரமகுப்தரும் இடர்ப்பட்டார். பிற்காலத்தவரும் நெடுங்காலம் தடுமாறினர். ஆகவே இக்குறை அவர் பெருமையைக் குறைப்பதன்று.

எல்லாம் நம்முடையதே என்று பேசுவோர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. 243 வகுத்திகளை எண்ணும் முறையை ஆசாரியர் தலையில் ஏற்றிக் கூறினால், அவர் உண்மையிலேயே செய்த அருஞ்செயல் மங்கிப்போகும். அவர் கண்டதை அவர் கண்டதாகவும், பிறர் கண்டதைப் பிறர் கண்டதாகவும் சொல்வதே அவருக்கு நாம் செய்யும் வழிபாடு. ஒரு பொருளைப் பல நயங்களால் நோக்குமாறு கற்பித்த அநேகாந்த நெறி, நம் முன்னோர் புகழைப் பேசும் இடத்திலும் நமக்கு வழிகாட்டட்டும்.

நூல் வாழ்ந்த வரலாறு

கணிதசார சங்கிரகம் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதைத் தழுவித் தெலுங்கில் கணித நூல் செய்தார். காலம் செல்லச் செல்ல, ஏட்டுச் சுவடிகள் மடங்களிலும் நூலகங்களிலும் அடங்கி உறங்கின. அவற்றை எழுப்பிய பெருமை சென்னைக்கு உரியது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளராகவும் விளங்கிய ம. ரங்காசாரியர், அந்நூலகத்தில் இருந்த முழுமையற்ற சுவடிகளைக் கொண்டு பணியைத் தொடங்கினார். அவற்றுள் ஒன்று நம் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்த எழுத்தில் அமைந்தது. மைசூரிலிருந்தும் சமணத் திருத்தலமாகிய மூடபித்ரியிலிருந்தும் கிடைத்த சுவடிகள் குறையை நிறைவு செய்தன.

அமெரிக்க நாட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் யூஜின் ஸ்மித், 1908இல் உரோம் நகரில் கூடிய அனைத்துலகக் கணித மாநாட்டில் இந்நூலைப் பற்றி அறிஞர்களுக்கு எடுத்துரைத்தார். 1912இல் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் அடங்கிய பதிப்பு, ஸ்மித்தின் முன்னுரையுடன் சென்னை அரசினர் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. ரங்காசாரியர் சமணர் அல்லர். ஆயினும் சமண ஆசாரியரின் நூலை உலகறியச் செய்தார். அவருக்கு நாம் என்றும் நன்றியுடையோம். பின்னர் 1963இல் லட்சுமி சந்திர ஜைன் அவர்களின் இந்தி மொழிபெயர்ப்பு சோலாப்பூரிலிருந்தும், 2000இல் பேராசிரியை பத்மாவதம்மா அவர்களின் கன்னட மொழிபெயர்ப்பு ஹொம்புஜத்திலிருந்தும் வெளிவந்தன.

அணியும் துறவும்

அமோகவர்ஷன் இயற்றியதாகச் சமணர் போற்றும் சிறுநூல் ஒன்று உண்டு. பிரச்நோத்தர ரத்தினமாலிகை என்பது அதன் பெயர். வினாவும் விடையுமாக அறத்தைக் கோத்த மணிமாலை அது. விவேகத்தால் அரசைத் துறந்த அமோகவர்ஷன் இதைச் செய்தான் என்று அதன் முடிவு கூறுகிறது. அரசனுக்குரிய ஆரம் என்று ஆசாரியர் ஓர் எண்ணைச் சிறப்பித்ததையும், அந்த அரசன் பொன்னாரத்தைக் களைந்து சொல்லாரம் தொடுத்ததையும் ஒருங்கே எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறது. மானியகேடத்தின் பொன்னும் மணியும் போன இடம் தெரியவில்லை. 12345654321 என்னும் ஆரமோ ஒரு மணியும் உதிராமல் இன்றும் நம் கையில் இருக்கிறது. எத்தனை பேர் அணிந்தாலும் அது தேய்வதில்லை. ஒருவர்க்குக் கொடுப்பதால் மற்றவர்க்குக் குறைவதில்லை. மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட நமக்கு இதனினும் தக்க அணி வேறில்லை.

ஆகவே, நம் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஆசாரியரின் ஆரக் கணக்குகளை அவர்கள் கையால் போடச் செய்க. விடை வந்தபின் அதனோடு நில்லாமல், அவ்வெண்ணை எவையெவை வகுக்கும் என்று தேடச் செய்க. ஆதிபகவானிடம் எண்ணைக் கற்றவள் ஒரு பெண் என்பதை நினைவில் கொண்டு, நம் புதல்வியரையும் அவ்வாறே முன்னிருத்துக. பேரெண்ணைப் பகுத்தறியப் பழகிய பிள்ளை, பெரியதாய்த் தோன்றும் எதனையும் பகுத்து நோக்கத் துணியும். பிறர் சொல்லும் பெருமையையும் பழியையும் நிறுத்துப் பார்க்கும். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணி ஆரத்தில் நடுமணி அறிவன்றோ! அம்மணியைத் துலக்கி வைத்த மகாவீராசாரியரின் திருநாமம் நம் இல்லந்தோறும் ஒலிப்பதாக.

ஜினதருமம் ஓங்குக.